வெக்கை இருக்கா என்று கேட்க வந்தார்கள்

1

நம் ஊரில் ஒருவர் வீடேறி வந்து, "உங்க வீட்டுல வெக்கையா இருக்கா?" என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? முதலில் உட்காரச் சொல்வோம். காற்றாடியை அவர் பக்கம் திருப்பி வைப்போம். குடிக்கக் குளிர்ச்சியாக எதையாவது நீட்டுவோம். அதற்குப் பிறகு, "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல" என்போம்.

நானும் அதைத்தான் செய்தேன். அதனால் வந்த வினையைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

ஜொகூர் மாநிலத்தில் மாசாய் என்கிற இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. எங்கள் அடுக்குவீட்டுக்கு ஐந்து மாடி. லிஃப்ட் கிடையாது. நாங்கள் ஐந்தாவதில் இருக்கிறோம். நாங்கள் என்றால் நானும் என் முழங்கால் வலியும். வீட்டுக்காரர் மவுத்தாகி ஆறு வருஷம் ஆகிறது. மகன் சலீம் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு கெலாங் பாத்தாவில் குடியிருக்கிறான். முன்பெல்லாம் "உம்மா" என்று கூப்பிடுவான். பிறகு அது "மா" ஆனது. இப்போது போனில் நான் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதையும் பாசம் என்றே எடுத்துக்கொள்கிறேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

எங்கள் தலைக்கு மேலே மெல்லிய பலகை. பலகைக்கு மேலே தகடு. தகட்டுக்கு மேலே சூரியன். நடுவில் வேறு யாரும் இல்லை. கரண்டு போனால் கொளுத்த வைத்திருக்கும் மெழுகுவர்த்திகள் அலமாரிக்குள் நிற்க மாட்டாமல் இடுப்பு வளைந்து குனிந்துவிடும்.

எதிர்வீட்டில் லெட்சுமி. ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் புருஷன் முனியாண்டிக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி வேலை. காலையில் வந்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுப்பார். பத்து மணி வரைக்கும் தூக்கம் வரும். அதற்கு மேல் அந்த வீட்டில் படுத்திருக்கலாம், தூங்க முடியாது. தலையணையை எடுத்துக்கொண்டு அறையிலிருந்து கூடத்துக்கு வருவார். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போவார். கடைசியில் குளியலறை வாசலில் ஈரத் தரையோடு தரையாகக் கிடப்பார். புருஷன் இன்றைக்கு எங்கே படுத்திருக்கிறார் என்பதை வைத்தே லெட்சுமி மணி சொல்வாள்.

நான் சொல்லப்போகிற வினைக்கு இரண்டு மாதம் முன்னால், வேலைக்குப் போகிற வழியில், சிவப்பு விளக்குக்கு நின்ற இடத்திலேயே கண் அசந்து மோட்டார் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். தோள்பட்டை விலகியது. நின்ற வண்டியிலிருந்து விழுந்ததால் அதோடு போயிற்று. அவர் வேலை பார்ப்பதோ தகடு வெட்டும் மெஷினில். அதன் முன்னால் கண் அசந்தால் கையை வெளியே எடுக்க முடியாது. அன்றிலிருந்து லெட்சுமிக்கு உலகத்தில் ஒரே ஒரு வேண்டுதல்தான். இந்த மனுஷன் பகலில் ஆறு மணி நேரம் தூங்க வேண்டும்.

2

நகரத்து வெக்கையைக் குறைக்க இங்குள்ள மாநகராட்சி மன்றத்தில் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். எங்கே வெக்கை அதிகமோ அங்கே கூரைக்கு வெள்ளைச் சாயம் அடிப்பது, மரம் நடுவது, நிழல் பந்தல் போடுவது. நல்ல திட்டம். எந்த வீட்டில் எவ்வளவு வெக்கை என்று கணக்கெடுக்க ஆள் அனுப்பினார்கள். அதுவும் நல்ல காரியம். நாளைக்கு வருகிறோம் என்று முந்தின நாளே கீழே அறிவிப்பு ஒட்டினார்களே, அங்கேதான் தவறிப்போனது.

அரசாங்கத்து ஆள் வருகிறார்கள் என்றால் சும்மா இருப்போமா? ஐந்தாவது மாடியில் இருக்கும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து நடைபாதையைக் கழுவினோம். வீட்டுத் தரையை இரண்டு தடவை துடைத்தோம். நான் திரைச்சீலைகளைக்கூட நனைத்துப் பிழிந்து ஈரத்தோடே மாட்டினேன். அவ்வளவு குளிர்ச்சியாக எங்கள் மாடி அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

காலையில் ஒன்பதரை மணிக்கு ஐனி என்கிற மலாய்ப் பெண் வந்தாள். மஞ்சள் சட்டை, கையில் கணினிப் பலகை, கழுத்தில் வெக்கை அளக்கும் ஒரு சின்னப் பெட்டி. மாடி ஏறி வந்ததில் முகமெல்லாம் சிவந்திருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. காற்றாடிக்கு நேரே உட்கார வைத்து, ஐஸ் போட்டு சிராப், அதாவது ரோஜா சர்பத், கலக்கி, குடுவையோடு மேசையில் வைத்தேன். அவள் அந்தப் பெட்டியைக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மக்சிக், மின்சாரக் கார் வாங்குற எண்ணம் இருக்கா?" என்று மலாயில் கேட்டாள். மக்சிக் என்றால் இங்கே பெரியம்மா, சாச்சி, மாமி எல்லாம் ஒன்றுதான்.

"இல்ல" என்றேன்.

"ஏர்கோன் பாவிக்கிறதைக் குறைப்பீங்களா?"

"ஏர்கோனே இல்ல." ஏ.சி.க்கு இங்கே அதுதான் பேர்.

"நல்லது" என்று எழுதிக்கொண்டாள். பாராட்டுகிறாள் போல என்று நினைத்து நானும் சிரித்தேன்.

"வீட்டுல வெக்கை எப்படி? சிரமமா இருக்கா?"

வந்த பெண்ணிடம் வீட்டைக் குறை சொல்லலாமா? "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அவளும் முஸ்லிம் பிள்ளைதானே, மரியாதையாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்று திருப்பிச் சொல்லி, 'செலேசா' என்று குறித்துக்கொண்டாள். செலேசா என்றால் சுகம், வசதி.

எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரு வீட்டில் சிராப், ஒரு வீட்டில் பார்லித் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்வீட்டுக் கதவை ஐனி தட்டப் போனபோது, லெட்சுமி பாய்ந்து வந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்து உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே முனியாண்டி தூங்குகிறார் அல்லவா? ஐனி ரகசியம் போல, "வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டாள். லெட்சுமி, 'இருக்கிறார், அப்புறம் வா' என்கிற கருத்தில் நம்மவர்கள் ஆட்டுகிற மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு நம் நாட்டிலேயே நாலு அர்த்தம் உண்டு. ஐனி ஐந்தாவதாக ஒன்றை எடுத்துக்கொண்டாள். 'வீட்டில் ஆளில்லை' என்று குறித்தாள்.

3

இந்த வழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் உம்மாவின் நினைவு வருகிறது.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு புயல். எங்கள் அடுப்படிச் சுவர் முழுசாக விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் தாலுகா ஆபீசிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு ஓர் ஆள் வந்தார். வாப்பா கொழும்பில் இருந்தார்கள். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டைப் பாத்துட்டு வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டில் கூரை பறந்துபோயிருந்தது. அவர்களும், "எங்களுக்கு என்ன, அடுத்த வீட்டைப் பாருங்க" என்றார்கள். இப்படியே அந்த ஆள் தெருக்கோடி வரைக்கும் போய், நோட்டை மூடிக்கொண்டு, சந்தோஷமாகப் பஸ் ஏறினார். எங்கள் தெரு முழுக்க மானத்தோடு நனைந்தது.

"சுவர் விழுந்துடுச்சே உம்மா, ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"வந்த மனுஷன்கிட்ட வாசல்லயே அழச் சொல்றியா?" என்றார்கள்.

அடுத்த மழைக்காலம் வரைக்கும் முற்றத்தில்தான் சமையல். நம் ஊரிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களில் பாதி உடைந்துவிட்டது, பாதி தொலைந்துவிட்டது. இந்தப் பேச்சு மட்டும் ஒரு கீறல் விழாமல் என்னோடு கப்பலேறி வந்திருக்கிறது.

4

ஒரு மாதம் கழித்துக் கீழே அறிவிப்புப் பலகையில் வரைபடம் ஒட்டினார்கள். வெக்கையான இடமெல்லாம் சிவப்பு. சுமாரான இடம் மஞ்சள். எங்கள் அடுக்குவீடு நல்ல பச்சைப் பசேல் என்று, பாசிப்பயறு கொட்டினது போல இருந்தது. வெள்ளைச் சாயம் அடிக்கப்போகும் கூரைகளின் பட்டியலில் எங்கள் பேரே இல்லை. ஓரத்தில் கட்டம் கட்டமாகக் கறுப்பில் ஒரு படம். கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் அதைப் போனால் படம் பிடிக்க வேண்டுமாம்.

லெட்சுமி மூச்சு வாங்க என் வீட்டுக்குள் வந்தாள்.

"அக்கா, அந்தப் பொண்ணுகிட்ட நீங்க என்னா சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னேன்."

"அலமாக்! போச்சு. சாமி பேரச் சொல்லி நம்ம கூரைய வழிச்சு விட்டுட்டீங்க."

"நீ மட்டும் என்ன சொன்னே?"

"நான் வாயே தொறக்கலையே!"

"அதான். கீழே ஒட்டின தாள்ல உன் வீட்டு நம்பருக்கு எதிரே ஆளே இல்லைன்னு எழுதியிருக்கு."

"ஆளு இல்லாமப் போயிருவாருன்னுதானேக்கா நான் பயந்துகிட்டு இருக்கேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் முனியாண்டி மெஷின் முன்னால் தள்ளாடினதைப் பார்த்து மேலாளர் கூப்பிட்டு எச்சரித்திருந்தார்.

நான் சலீமுக்குப் போன் போட்டேன்.

"மா, இது ரொம்ப ஈசி லா. ஸ்கேன் பண்ணி ஃபார்ம்ல போட்டா போதும். எங்க ஏரியாலயும் இந்த மாதிரி ப்ளான் வந்துச்சு. நான் போட்டேன், ரெண்டு வரிசை மரம் வெச்சுட்டாங்க."

அவன் பகுதிக்கு வேறு மன்றம். அவன் வீட்டு வாசலில் ஏற்கெனவே நல்ல நிழல். நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் கேட்டிருக்கிறான், கொடுத்திருக்கிறார்கள். குற்றம் சொல்லவில்லை. கேட்கத் தெரிந்தவன் கேட்டான். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் வெக்கை இருக்கிறது என்று வரைபடம் நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்களிடம் காரும் இல்லை, ஏர்கோனும் இல்லை. உலகத்தைச் சூடாக்காத நல்ல பிள்ளைகள் என்று மெச்சி, வேகிறதுக்கு விட்டுவிட்டார்கள்.

"நீயே எங்களுக்கும் எழுதிப் போடேன்" என்றேன்.

"அந்த அட்ரஸ்ல இருக்கிறவங்கதான் போடணும், மா. சனிக்கிழம மீட்டிங் இருக்கு போல. நேர்ல போய்ப் பேசுங்களேன்."

நேரில் போய்ப் பேசுவதா? மீன் கடையில் மீதிச் சில்லறையைக் கேட்கக்கூடக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தவள் நான்.

5

சனிக்கிழமை காலையில் லெட்சுமி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் சமுதாய மண்டபத்தில். உள்ளே ஏர்கோன் போட்டுப் போட்டு, வெக்கையைப் பற்றிப் பேச வந்தவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினோம். நான் முக்காட்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"இவரையும் பாயோட கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்" என்றாள் லெட்சுமி. "மீட்டிங் முடியறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டிருப்பாரு."

ஒரு அதிகாரி அம்மா மேடையில் நின்று வரைபடத்தைக் காட்டிப் பேசினார்கள். மலாயில் வெக்கைக்கு நான் அறிந்த சொல் பானாஸ். இவர்களோ 'பூலாவ் ஹாபா, பூலாவ் ஹாபா' என்றார்கள். பூலாவ் என்றால் தீவு, அது தெரியும்.

"ஏண்டி, எந்த வாப்பாவுக்குத் தீவு எழுதி வைக்கிறாங்க?" என்று லெட்சுமியின் காதில் கேட்டேன்.

"வாப்பா இல்லக்கா, ஹாபா. புஸ்தகத்து வெக்கை. ஊருக்கு நடுவுல சூடு தீவு மாதிரி தேங்கி நிக்குதாம். வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு, இன்னும் வாப்பாவ விட மாட்டேங்குறீங்க."

சத்தமாகச் சிரித்துவிட்டோம்; சிரித்த வேகத்தில் லெட்சுமி என் முதுகில் தட்டக் கையை ஓங்கினாள். மேடையிலிருந்த அம்மா நாங்கள் கை தூக்குவதாக நினைத்து, "பின்னால் இருக்கிற மக்சிக், சொல்லுங்க" என்றார்கள். மைக் வந்துவிட்டது. லெட்சுமி அதை வாங்கி என் கையில் திணித்தாள்.

எழுந்து நின்றேன். 'நான் தவறாகப் பதில் சொல்லிவிட்டேன்' என்று சொல்லத்தான் எழுந்தேன். வாயில் வந்ததோ, "சாயா தீப்பு" என்பது. அதற்கு, நான் ஏமாற்றினேன் என்று அர்த்தம்.

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. அரசாங்கத்தை ஏமாற்றினேன் என்று மைக்கில் ஒப்புக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எதை ஏமாத்தினீங்க, மக்சிக்?" என்று கேட்டார்கள்.

இனி உட்கார முடியாது. தெரிந்த மலாயில் சொன்னேன். தரையைத் துடைத்ததைச் சொன்னேன். திரைச்சீலையை நனைத்ததைச் சொன்னேன். ஐஸ் குடுவையைச் சொன்னேன். "வந்த பிள்ளை சிரமப்படக் கூடாதுன்னு குளிர்ச்சியாக்கினோம். அந்தக் குளிர்ச்சிய எங்க வீட்டுக் குளிர்ச்சின்னு எழுதிட்டாங்க. 'அல்ஹம்துலில்லாஹ்'னு சொன்னது வெக்கை இல்லைன்னு சொன்னது இல்லம்மா. வெக்கையோட இருக்கோம்னு சொன்னது."

முன் வரிசையில் இருந்த ஐனி எழுந்தாள். முகம் அன்று மாடி ஏறி வந்தபோது இருந்ததைவிடச் சிவந்திருந்தது. "எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்வோம். நான்தான் யோசிச்சிருக்கணும்" என்றாள்.

அதற்குள் லெட்சுமி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் மலாய் தண்ணீர் மாதிரி ஓடும். "எங்க வீட்டுல ஆளில்லைன்னு எழுதியிருக்கீங்க. ஆளு இருந்தாரு. தூங்கிக்கிட்டு இருந்தாரு. உங்க பேக்டரி ராத்திரியில ஓடணும்னா பகல்ல யாராச்சும் தூங்கணுமா இல்லையா? அவங்கள எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

அதிகாரி அம்மா மண்டபத்தைப் பார்த்து, "யார் யார் வீட்டுல பகல்ல தூங்குறவங்க இருக்காங்க?" என்று கேட்டார்கள். கைகள் எழுந்தன. காவல் வேலை பார்க்கிறவரின் மனைவி ஒரு மலாய்க்காரப் பெண், ஆஸ்பத்திரியில் ராத்திரி துப்புரவு செய்கிற ஒரு சீன அம்மா, எங்கள் மாடியிலேயே மூன்று பேர். இவ்வளவு பேர் இருப்பது எங்களுக்கே தெரியாது. தூங்குகிறவர்களை யார் பார்க்கிறார்கள்?

"பட்டியல் முடிவாயிடுச்சு, புதுசா ஒண்ணு சேர்த்தா ஒண்ணை எடுக்கணும்" என்று மேடையில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எங்கள் பேர் ஏறினால் யாருடைய பேர் இறங்கும்? யார் வீட்டுத் தூக்கத்தை நாங்கள் எடுத்துக்கொள்வது? கேட்டேவிட்டேன்.

அந்த அம்மா பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்கள். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்த மண்டபம்" என்றார்கள்.

நாங்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே மண்டபத்தின் கூரையைக் குளிர்விக்கத்தான் எழுதியிருந்தார்கள்.

"சரி. மண்டபம் காத்திருக்கட்டும். ஆனா அளக்காம எழுத முடியாது. ஐனி மறுபடி வருவா. எந்த நாள்னு சொல்ல மாட்டோம்."

6

ஒரு புதன்கிழமை, பகல் இரண்டு மணிக்கு ஐனி வந்தாள். இந்தத் தடவை அவளுக்குக் கண்டிப்பான உத்தரவு. காற்றாடி எப்போதும் வைக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் பெட்டி சும்மா இருக்க வேண்டும். எதுவும் குடிக்கக் கூடாது.

பதினைந்து நிமிஷம்! வீடு தேடி வந்த பெண்ணுக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுக்காமல் எதிரே உட்கார்ந்து, அவள் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை இரண்டு தடவை தானாகக் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஐனிக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். கடைசியில் கேட்டாள்.

"மக்சிக், வீட்டுல வெக்கை எப்படி?"

அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வேகுது, புள்ள" என்றேன். என் வீட்டைப் பற்றி வீடேறி வந்த ஒருவரிடம் நான் சொன்ன முதல் குறை.

எதிர்வீட்டில் முனியாண்டி குளியலறை வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். ஐனி அவர் தலைமாட்டில் குந்தி, பெட்டியைத் தரையில் வைத்தாள். அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"இது யாரு? ஆஸ்பத்திரியா?"

"இல்லங்க, நீங்க படுங்க. உங்க வெக்கைய எழுத வந்திருக்காங்க" என்றாள் லெட்சுமி.

"நல்லா எழுதச் சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பெட்டி கூவினதும் லெட்சுமி நடைபாதைக்கு வந்து, "முடிஞ்சிருச்சு!" என்று கத்தினாள். உடனே எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. ஐனி அன்றைக்கு எத்தனை கோப்பை குடித்தாள் என்பதை நான் எழுதப்போவதில்லை.

7

கூரை வெள்ளையாகிவிட்டது. ஒரு வாரம் தலைக்கு மேலே தேய்க்கிற சத்தம். அந்த ஒரு வாரம் முனியாண்டி கொஞ்சமும் தூங்கவில்லை. "தூங்க வைக்க வந்தவங்களே இப்படிப் பண்றாங்களே" என்று லெட்சுமி விடுப்பு எழுதிக் கொடுத்து அவரை வீட்டில் வைத்துக்கொண்டாள். பக்கத்து அடுக்குவீட்டின் கூரை இன்னும் பழைய தகடுதான். அங்கிருக்கும் பெண்கள் இப்போது என்னிடம் வந்து, ஆள் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள். "முதல்ல தண்ணி குடுக்காதீங்க" என்கிறேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

வெக்கை முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் ஏமாற்று ஆகிவிடும். குறைந்திருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார முடிகிறது.

போன திங்கள்கிழமை சாயங்காலம். தோள்பட்டை விலகியதிலிருந்து முனியாண்டி கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். பஸ் வந்து கீழே ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. அவர் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்தால் லெட்சுமியின் வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. உள்ளே ஓடினேன்.

அறையில், கட்டிலில், முனியாண்டி குப்புறக் கிடந்தார். தலைமாட்டில் கடிகாரம் அலறிக்கொண்டிருந்தது. அதைவிடச் சத்தமாக அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். லெட்சுமி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்புடி! பஸ் போயிரும்!"

"எழுப்பத்தான்க்கா வந்தேன்" என்றாள். "காலையில படுத்த எடத்துலயே கெடக்குறாரு. எழுப்ப மனசு வரலக்கா."

மூன்றாவது ஹாரன். நான் நடைபாதைக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஐந்தாவது மாடியிலிருந்து கத்தினேன். எதிர் அடுக்குவீட்டுச் சன்னல்களில் தலைகள் தெரிந்தன.

"தம்பி! நில்லுங்க! வர்றாரு!"

பஸ்காரத் தம்பி தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தான். "என்னாச்சு அம்மா? அண்ணனுக்கு ஒடம்பு முடியலையா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல!" என்றேன். "தூங்கிட்டாரு! நல்லாத் தூங்கிட்டாரு!"